தகரக் கால்களும் தாங்கிய தோள்களும்

கடந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு கிழமைகளில் என் மூத்தம்மாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சீனி வருத்தம்தான் காரணம். பெருவிரலில் வந்த ஒரு சின்னப் புண் ஆறவே இல்லை; மெல்ல மெல்ல மேலே ஏறிவிட்டது. ஆறு மாதம் கழித்து ஒரு ஜெய்ப்பூர் கால் கிடைத்தது. மூத்தம்மா அதை ஒரே ஒரு நாள் போட்டுப் பார்த்தார். நோகிறது என்றார். பிறகு அது அலுமாரிக்குப் பின்னால் போய்விட்டது. கட்டிலும் சக்கர நாற்காலியும் மட்டுமே அவரது உலகமாயின. கதவுக்கு வெளியே யாருடைய கண்ணிலும் படக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார்.

புத்தளத்தில் இருக்கும் சாச்சியின் மகளுக்குக் கலியாணம் வந்தது. மூத்தம்மா வர மறுத்துவிட்டார். அவரைத் தனியே விட முடியாததால் உம்மாவும் போகவில்லை. சொந்தத் தங்கையின் வீட்டுக் கலியாணம் அது. அன்றிரவு குசினியில் நின்றபடி கைத்தொலைபேசியில் வந்த கலியாணப் படங்களை உம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். என்னைக் கண்டதும் தொலைபேசியை வைத்துவிட்டு அடுப்பைத் துடைக்கத் தொடங்கினார்.

அந்த நாட்களில்தான் எங்கள் ஆங்கில ஆசிரியை, ஆங்கிலம் வளர வேண்டுமென்றால் ஒரு வாழ்க்கை வரலாற்றை முழுமையாக வாசியுங்கள் என்று சொல்லி, ஒரு பழைய புத்தகத்தை என் கையில் தந்தார். போல் பிரிக்ஹில் என்பவர் எழுதி 1954 இல் வெளிவந்த நூல் அது. இரண்டு கால்களையும் இழந்த பிறகு போர் விமானம் ஓட்டிய டக்ளஸ் பேடர் என்ற பிரித்தானிய விமானியின் கதை. முதல் அத்தியாயங்களை வாசித்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. இதை மூத்தம்மாவுக்குச் சொன்னால் அவர் காலைப் போட்டுக்கொள்வார் என்று நினைத்தேன். இஷாவுக்குப் பிறகு தினமும் அவருடைய கட்டிலில் உட்கார்ந்து, வாசித்ததைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். அவருக்குச் சொன்ன ஒழுங்கிலேயே இங்கும் எழுதுகிறேன்.

டக்ளஸ் பேடர் 1910 பெப்ரவரி 21 ஆம் திகதி லண்டனில் பிறந்தார். தந்தை இந்தியாவில் வேலை பார்த்த பொறியியலாளர். குழந்தை பிறந்ததும் பெற்றோர் மூத்த மகனோடு இந்தியாவுக்குத் திரும்பினார்கள். சின்னவரை மான் தீவில் உறவினரிடம் விட்டுச் சென்றார்கள். இரண்டு வயதில்தான் அவர் பெற்றோரிடம் சேர்ந்தார். அடுத்த வருடமே குடும்பம் இங்கிலாந்துக்கு வந்துவிட்டது. முதலாம் உலகப் போரில் தந்தை பிரான்ஸில் காயமடைந்தார். அந்தக் காயங்களின் விளைவாக 1922 இல், பிரான்ஸின் சென்-ஓமேர் பகுதியிலேயே இறந்துபோனார். அப்போது டக்ளஸுக்கு வயது 12. சென்-ஓமேர் என்ற பெயர் இந்தக் கதையில் இன்னொரு தடவை வரும்.

தாய் மறுமணம் செய்துகொண்டார். புதிய தந்தை ஒரு கிறிஸ்தவ மதகுரு. வீட்டில் பணம் அதிகம் இல்லை. ஒக்ஸ்போர்டில் உள்ள சென் எட்வர்ட்ஸ் பாடசாலையில் டக்ளஸ் படித்தார். தாயால் கட்டணம் கட்ட முடியாத நேரத்தில் அந்தப் பாடசாலையின் ஆசிரியர் ஒருவர் உதவினார். பேடர் படிப்பில் கெட்டிக்காரர்தான். ஆனாலும் ரகர், கிரிக்கெட் இரண்டிலும்தான் அவருடைய மனம் இருந்தது. பிறர் சொல்லைக் கேட்கும் சுபாவம் குறைவு. செய்யாதே என்று யாராவது சொன்னால் அதைச் செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றும் பிள்ளை அவர்.

1928 இல் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரியில் சேர்ந்தார். 1930 இல் அதிகாரியாக வெளியேறி, லண்டனுக்குத் தெற்கே கென்லியில் இருந்த 23 ஆம் படையணியில் இணைந்தார். அடுத்த வருடம் ஹெண்டனில் நடந்த பெரிய விமானக் கண்காட்சியில் ஆயிரக்கணக்கானோர் முன்னால் சாகசம் காட்டினார். ஹார்லிகுவின்ஸ் கழகத்துக்காக ரகர் விளையாடினார். இங்கிலாந்துத் தேசிய அணியிலும் இடம் கிடைக்கும் என்று பேச்சு இருந்தது. அப்போது அவருக்கு வயது 21.

அந்தப் படையணியில் சாகசம் செய்யப்போய் ஏற்கனவே இரண்டு விமானிகள் உயிரிழந்திருந்தார்கள். தாழப் பறந்து சாகசம் செய்யக் கூடாது என்று எச்சரிக்கையும் கொடுக்கப்பட்டிருந்தது. 1931 டிசெம்பர் 14 ஆம் திகதி பேடர் வேறு விமானிகளோடு ரீடிங் நகருக்கு அருகிலுள்ள வூட்லி விமானத்தளத்துக்குப் போனார். அங்கிருந்தவர்கள் அவருடைய சாகசத்தைப் பார்க்க வேண்டும் என்று சீண்டினார்கள். முதலில் மறுத்தார். பிறகு ரோஷம் வந்துவிட்டது. நிலத்தை உரசும் உயரத்தில் விமானத்தை உருட்டினார். இடது சிறகின் நுனி புல்லில் பட்டது. அடுத்த கணம் விமானம் நொறுங்கிக் கிடந்தது.

ரீடிங் வைத்தியசாலையில் லெனார்ட் ஜோய்ஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் முதலில் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார். சில நாட்களில் இடது காலையும் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தது. பிழைப்பார் என்று யாரும் நம்பவில்லை. அரை மயக்கத்தில் கிடந்தபோது, உள்ளே ஒரு பையன் இறந்துகொண்டிருக்கிறான், சத்தம் போடாதீர்கள் என்று வெளியே ஒரு தாதி யாரையோ அடக்கியது தன் காதில் விழுந்ததாகப் பேடர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தைதான் தன்னை உலுக்கி எழுப்பியது என்பது அவருடைய நம்பிக்கை. குணமான பின், தன் பறப்புக் குறிப்பேட்டில் அந்த நாளுக்கு நேரே இரண்டு சிறு வரிகள் எழுதினார். நிலத்துக்கு அருகில் உருட்டியதால் விழுந்தது, மோசமான வேலை என்பதே அதன் பொருள். பிழை தன்னுடையது என்பதை அவர் மறைக்கவில்லை.

இந்த இடத்தில் மூத்தம்மா முதன்முறையாக வாய் திறந்தார். அந்தப் பிள்ளை தானாகத் தேடிக்கொண்டது, எனக்கு அல்லாஹ் தந்தது, இரண்டும் ஒன்றல்ல என்றார். நான் பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் தொடர்ந்தேன்.

லண்டனுக்கு அருகில் ரோஹாம்ப்டன் என்ற இடத்தில் பேடருக்குச் செயற்கைக் கால்கள் செய்தார்கள். அவற்றைச் செய்த டெசூட்டர் நிறுவனத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மார்செல் டெசூட்டர் என்ற விமானி 1913 இல் ஒரு விபத்தில் காலை இழந்தார். அக்கால மரக்கால் பாரமாக இருந்ததால், அவருடைய சகோதரர் பாரம் குறைந்த உலோகக் கால் ஒன்றை அவருக்காக வடிவமைத்தார். அந்த நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. தம்பி அண்ணனுக்காகவோ அண்ணன் தம்பிக்காகவோ பட்ட கவலை, பல வருடங்களுக்குப் பிறகு முன்பின் அறியாத ஒருவரை நடக்க வைத்தது.

நடக்கப் பழகியது எளிதாக இருக்கவில்லை. ஒரு முழங்காலும் இல்லாத பக்கத்தை வீசி வீசித்தான் எடுத்து வைக்க வேண்டும். விழுந்தார், எழுந்தார், வியர்த்துக் கொட்டியது, வெட்டிய இடங்கள் புண்ணாயின. இரண்டு காலும் இல்லாதவர் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது என்று சொன்னார்கள். ஒருபோதும் ஊன்றுகோலைத் தொட மாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். அதைச் சாதித்தும் காட்டினார். கார் ஓட்டினார், கோல்ஃப் விளையாடினார். ஒரு தேநீர்ச்சாலையில் பரிமாறிக்கொண்டிருந்த தெல்மா எட்வர்ட்ஸ் என்ற பெண்ணைக் கண்டு விரும்பி, 1933 இல் திருமணம் செய்துகொண்டார்.

ஆனால் விமானப்படை அவரைத் திருப்பி எடுக்கவில்லை. பறந்து காட்டச் சொன்னார்கள், நன்றாகவே பறந்தார். இருந்தாலும் கால் இல்லாதவர் விமானம் ஓட்டலாம் என்று சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை என்று சொல்லி, 1933 இல் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஓர் எண்ணெய்க் கம்பனியில் மேசைக்கு முன்னால் ஆறு வருடங்கள் கழிந்தன.

1939 செப்டெம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. விமானிகள் தேவைப்பட்டார்கள். பேடர் மீண்டும் விண்ணப்பித்தார். கிரான்வெல்லில் முன்பு அவருக்குத் தலைவராக இருந்த ஒரு மூத்த அதிகாரி, இவர் பறக்கத் தகுதியுள்ளவரா என்பதை மட்டும் பாருங்கள் என்று பரிந்து எழுதினார். அந்த வருட முடிவுக்குள் பேடர் மறுபடியும் வானத்தில் இருந்தார்.

1940 ஆரம்பத்தில் டக்ஸ்போர்டில் ஸ்பிட்பயர் ஓட்டும் 19 ஆம் படையணியில் சேர்ந்தார். விசிறியின் அமைப்பைச் சரியாக மாற்ற மறந்து கிளம்பிய ஒரு நாள் விமானத்தை நொறுக்கினார். இறங்கி நடக்க முயன்றபோதுதான் உலோகக் கால்கள் இரண்டும் வளைந்திருப்பது தெரிந்தது. சதைக் கால்களாக இருந்திருந்தால் இன்னொரு தடவை வைத்தியசாலைக்குப் போயிருப்பார். தளபதி கேட்டபோது, மறந்துவிட்டேன் என்று நேராகவே ஒப்புக்கொண்டார். இதைச் சொன்னபோது மூத்தம்மா சிரித்துவிட்டார். அந்த வீட்டில் அவர் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

அந்த வருடம் பிரான்ஸ் வீழ்ந்தது. டன்கேர்க் கரையிலிருந்து பிரித்தானியப் படைகள் பின்வாங்கிய நாட்களில் பேடர் தன் முதல் எதிரி விமானத்தை வீழ்த்தினார். ஜூன் மாத இறுதியில் 242 ஆம் படையணிக்குத் தலைவராக அனுப்பப்பட்டார். அதில் பெரும்பாலானோர் கனடா நாட்டு விமானிகள். பிரான்ஸில் பல நண்பர்களை இழந்து, மனம் உடைந்து, ஒழுங்கு குலைந்து போயிருந்தார்கள். கால் இல்லாத ஒருவர் தலைவராக வருகிறார் என்று கேள்விப்பட்டதும் முகம் சுளித்தார்கள். நிலத்திலிருந்தே கட்டளை போடப் போகிறார் என்று நினைத்தார்கள். பேடர் எதுவும் பேசவில்லை. நேரே ஒரு ஹரிக்கேன் விமானத்தில் ஏறி, அவர்களின் தலைக்கு மேலே அரை மணித்தியாலம் இடைவிடாமல் சாகசம் செய்து இறங்கினார். அதன் பிறகு யாரும் அவருடைய காலைப் பற்றிக் கதைக்கவில்லை.

அடுத்து அவர் செய்தது எனக்கு அதைவிடப் பிடித்தது. படையணியில் விமானங்கள் இருந்தன. அவற்றைத் திருத்தும் கருவிகளோ உதிரிப்பாகங்களோ இல்லை. கடிதம் எழுதினால் பதில் வராது. விமானிகள் தயார், ஆனால் கருவிகள் வரும்வரை இந்தப் படையணி போருக்குத் தயாரில்லை என்று பேடர் தலைமையகத்துக்கே தந்தி அனுப்பிவிட்டார். மேலிடம் கொதித்தது. விசாரித்த போர் விமானப் பிரிவுத் தலைவர் டவ்டிங் பேடரின் பக்கமே நின்றார். கருவிகள் வந்து சேர்ந்தன. தன் ஆட்களுக்காக அப்படிச் சண்டை பிடிக்கும் தலைவரை அந்தக் கனடியர்கள் அதற்கு முன் கண்டதில்லை.

1940 கோடையில் ஜேர்மன் விமானங்கள் அலையலையாக இங்கிலாந்தின் மீது வந்தன. இதையே பிரித்தானியச் சமர் என்கிறார்கள். பல படையணிகளை ஒன்றுசேர்த்துப் பெரிய தொகுதியாகத் தாக்க வேண்டும் என்பது பேடரின் கருத்து. அவருடைய மேலதிகாரி லீ-மல்லரி அதை ஆதரித்தார். செப்டெம்பர் 15 ஆம் திகதி ஐந்து படையணிகள், ஏறக்குறைய 60 விமானங்கள், பேடரின் தலைமையில் லண்டனுக்கு மேலே பறந்தன. ஆனால் தென்கிழக்கைக் காத்த தளபதி கீத் பார்க் இந்த முறையை ஏற்கவில்லை. பெரிய தொகுதி ஒன்றுசேர்வதற்கு நேரமாகும், அதற்குள் குண்டுகள் விழுந்துவிடும் என்றார். அந்தத் தொகுதி வீழ்த்தியதாகச் சொன்ன எண்ணிக்கை உண்மையைவிட மிக அதிகம் என்று ஜேர்மன் பதிவேடுகளை ஒப்பிட்ட ஆய்வாளர்கள் பிறகு கண்டார்கள். அந்த வாதம் பேடரின் காலத்திலும் முடியவில்லை.

பேடரின் பெயரில் மொத்தம் 22 எதிரி விமானங்கள் கணக்கில் இருக்கின்றன. இந்த எண்ணை நான் பெருமையோடு சொன்னபோது, அவற்றில் இருந்த பிள்ளைகளுக்கும் உம்மாமார் இருந்திருப்பார்கள்தானே என்று மூத்தம்மா கேட்டார். அதற்குப் பிறகு நான் அந்த எண்ணைப் பெருமையோடு சொல்வதில்லை.

1941 மார்ச்சில் தெற்குக் கரையிலுள்ள டாங்மியர் தளத்தில் மூன்று ஸ்பிட்பயர் படையணிகளுக்குத் தலைவரானார். இப்போது போர் பிரான்ஸின் வானத்தில் நடந்தது. ஓகஸ்ட் 9 ஆம் திகதி அங்கு நடந்த சண்டையில் அவருடைய விமானத்தின் பின்பகுதி உடைந்தது. எதிரி விமானத்தில் மோதியது என்று அவர் நினைத்தார். தவறுதலாகத் தன் நாட்டு விமானியே சுட்டிருக்கலாம் என்று எழுதியவர்களும் உண்டு. விமானம் சுழன்று விழுந்தது. அவர் வெளியே பாய முயன்றார். வலது செயற்கைக் கால் உள்ளே சிக்கிக்கொண்டது. காலைக் கட்டியிருந்த பட்டி அறுந்தபோதுதான் பரசூட்டை விரிக்க முடிந்தது. கால் விமானத்தோடு போனது, ஆள் தப்பினார். சொந்தக் காலாக இருந்திருந்தால் அவரும் விமானத்தோடு போயிருப்பார்.

ஜேர்மனியர் அவரைப் பிடித்து வைத்த வைத்தியசாலை இருந்த ஊர் சென்-ஓமேர். தந்தை இறந்த அதே பகுதிக்கு 19 வருடங்களுக்குப் பிறகு மகன் கைதியாக வந்து சேர்ந்தார்.

அங்கே நடந்தவை கதை போலவே இருக்கும். அடோல்ஃப் காலண்ட் என்ற புகழ்பெற்ற ஜேர்மன் விமானி அவரைத் தன் தளத்துக்கு அழைத்துத் தேநீர் கொடுத்து, தன் மெஸ்ஸர்ஷ்மிட் விமானத்தில் உட்காரவும் வைத்தார். ஒரு சுற்றுப் பறந்துவிட்டு வரட்டுமா என்று பேடர் கேட்க, காலண்ட் சிரித்து மறுத்துவிட்டார். போருக்குப் பிறகு இருவரும் நண்பர்களானார்கள். விழுந்த விமானத்திலிருந்து ஜேர்மனியர் அந்தக் காலைத் தேடி எடுத்துத் திருத்திக் கொடுத்தார்கள். இன்னொரு கால் கொண்டுவர பிரித்தானிய விமானத்துக்குப் பாதுகாப்பான வழி தருவதாகவும் அறிவித்தார்கள். பிரித்தானியர் அந்த உபகாரத்தை ஏற்கவில்லை. ஓகஸ்ட் 19 ஆம் திகதி குண்டு போடப் போன விமானங்களில் ஒன்றிலிருந்து, ஒரு பெட்டியில் அந்தக் காலைப் பரசூட்டில் போட்டுவிட்டுப் போனார்கள்.

திருத்திய கால் கிடைத்ததும் பேடர் செய்த முதல் வேலை தப்பி ஓடியதுதான். படுக்கை விரிப்புகளை முடிச்சுப் போட்டு ஜன்னல் வழியாக இறங்கினார். நீளம் போதவில்லை. பக்கத்துக் கட்டிலில், முந்திய நாள்தான் கை துண்டிக்கப்பட்டு நினைவில்லாமல் கிடந்த இன்னொரு விமானியின் விரிப்பையும் உருவிச் சேர்த்தார்கள். வைத்தியசாலையில் வேலை செய்த ஒரு பிரெஞ்சுப் பெண்தான் வெளியே ஆட்களோடு தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தார். ஒரு வயதான தம்பதியர் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்தார்கள். ஆனால் யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். பிடிபட்டபோது, இந்த வீட்டாருக்கு நான் இங்கிருப்பதே தெரியாது என்று பேடர் சாதித்தார். ஜேர்மனியர் நம்பவில்லை. உதவியவர்களைக் கட்டாய வேலைக்கு ஜேர்மனிக்கு அனுப்பினார்கள். அந்தத் தம்பதியர் உயிர் பிழைத்தார்கள். அந்த ஒரு இரவுக்கு அவர்கள் கொடுத்த விலை அவ்வளவு.

பேடர் பல முகாம்களில் தப்ப முயன்றுகொண்டே இருந்தார். காவலாளர் சில வேளைகளில் அவருடைய கால்களையே கழற்றி எடுத்துப் போனார்கள். கடைசியாக 1942 ஓகஸ்டில், தப்பியோடும் கைதிகளை அடைக்கும் கோல்டிட்ஸ் கோட்டைக்கு அனுப்பினார்கள்.

இதுவரை சொன்னதை மூத்தம்மா ரசித்துத்தான் கேட்டார். ஆனால் அலுமாரிக்குப் பின்னால் இருந்த காலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கோல்டிட்ஸ் வந்ததும் வேறொன்றைக் கேட்டார். அந்தக் கோட்டையில் படிகள் இருந்திருக்கும். கால் கழற்றிய நேரத்தில் குளிக்கவும் மேலே ஏறவும் அவரை யார் தூக்கினார்கள் என்றார்.

என்னிடம் பதில் இல்லை. இரவு பகலாகத் தூக்குவிக்கப்படுகிறவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும். நான் வேறு இடங்களில் தேடினேன். பதில் கிடைத்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு ஸ்கொட்லாந்துச் சிப்பாய் தூக்கினார். 1940 இல் பிரான்ஸில் பிடிபட்டவர், மருத்துவ உதவியாளர். அவர்தான் பேடருக்கு உணவு தயார் செய்தார். குளிக்க வேண்டிய நேரங்களில் பேடரை முதுகில் சுமந்து படியிறங்கி, சுமந்தே படியேறினார். 1943 இல், மருத்துவ உதவியாளர் என்பதால் அவர் வீட்டுக்குப் போகலாம் என்ற செய்தி வந்தது. ஓடிப்போய்ப் பேடரிடம் சொன்னார். பேடர் விடவில்லை. நீ எனக்கு உதவியாளாக வந்தவன், அப்படியே இருப்பாய் என்று முடித்துவிட்டார். அந்தச் சிப்பாய் போர் முடியும்வரை, இன்னும் இரண்டு வருடங்கள், அங்கேயே இருந்தார். வயதான காலத்தில் இதை அவரே சொல்லியிருக்கிறார்.

நான் முதலில் வாசித்த நூலில் இது இல்லை. 1956 இல் வந்த திரைப்படமும் பேடரின் கடுமையான சுபாவத்தை மென்மையாக்கியே காட்டியது என்பார்கள். இதை மூத்தம்மாவிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாட்கள் யோசித்தேன். அவர் நடக்க வேண்டும் என்பதற்காகத்தானே கதையைத் தொடங்கினேன்? இதைச் சொன்னால் கதாநாயகன் விழுந்துவிடுவார். ஆனால் கேட்டவருக்குப் பதிலை மறைப்பது பொய்தான் என்று மனம் உறுத்தியது. சொல்லிவிட்டேன்.

மூத்தம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, அந்தச் சிப்பாயின் உம்மா இரண்டு வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாரே என்றார். அவ்வளவுதான். விளக்கை அணைக்கச் சொன்னார்.

மறுநாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார். அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டு அதை எடு என்றார். கால் தூசி படிந்து கிடந்தது. துடைத்துக் கொடுத்தேன். உம்மா குசினியிலிருந்து வந்து கதவருகே நின்றார். மூத்தம்மா உம்மாவைப் பார்த்து, உன்னை நான் பிடித்து வைத்துவிட்டேன் மகள் என்றார். உம்மா அப்படியெல்லாம் இல்லை என்று அழுதார்.

கதையின் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படைகள் கோல்டிட்ஸைக் கைப்பற்றின. பேடர் விடுதலையானார். அதே வருடம் செப்டெம்பர் 15 ஆம் திகதி லண்டனுக்கு மேலே 300 விமானங்கள் பறந்த வெற்றி அணிவகுப்புக்கு அவரே முன்னால் பறந்தார். 1946 இல் விமானப்படையை விட்டு விலகி, பழைய எண்ணெய்க் கம்பனிக்கே திரும்பினார். அதன் வேலையாகப் பல நாடுகளுக்குத் தானே விமானம் ஓட்டிச் சென்றார். போன இடங்களிலெல்லாம் வைத்தியசாலைகளுக்குப் போய், கால் கை இழந்தவர்களைக் கண்டார். அழுதுகொண்டு கிடந்த பிள்ளைகளின் முன்னால் நடந்து காட்டினார். அந்தப் பணிக்காக 1976 இல் அவருக்கு சேர் பட்டம் வழங்கப்பட்டது. அதே மனிதர்தான் ரொடீசியாவில், அதாவது இன்றைய சிம்பாப்வேயில், கறுப்பின மக்களுக்கு உரிமை மறுத்த வெள்ளைச் சிறுபான்மை ஆட்சிக்கு ஆதரவாகவும் பேசினார். 1982 செப்டெம்பர் 5 ஆம் திகதி, லண்டனில் ஒரு விருந்திலிருந்து திரும்பும் வழியில் மாரடைப்பால் இறந்தார். வயது 72. அவருடைய பெயரில் அமைந்த நிறுவனம் உடல் உறுப்பு இழந்தோருக்கு இன்றும் உதவுகிறது.

டக்ளஸ் பேடர் தனியே எழுந்து நின்ற மனிதர் என்றுதான் உலகம் சொல்கிறது. அவருடைய மனவலிமை பெரியதுதான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கட்டணம் கட்ட உதவிய ஆசிரியர், கால் செய்த சகோதரர்கள், மனைவி தெல்மா, பரிந்து எழுதிய அதிகாரி, ஒளித்து வைத்த பிரெஞ்சுத் தம்பதியர், முதுகில் சுமந்த சிப்பாய் என்று எண்ணிப் பார்த்தால், அந்த இரண்டு தகரக் கால்களுக்குக் கீழே எத்தனை தோள்கள் இருந்தன என்பது தெரியும். அவர் பெருமைப்பட்டது ஊன்றுகோல் இல்லாமல் நடந்ததற்காக. அந்தச் சிப்பாயை ஒரு தடவை ஊன்றுகோலாக வைத்துக்கொண்டதை அவர் உணர்ந்தாரா என்பதுதான் எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது.

ஒரு பெரிய மனிதரின் நல்ல பக்கத்தை மட்டும் சொன்னால்தான் மற்றவர் திருந்துவார் என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் நடந்தது வேறு. பேடரின் வீரம் மூத்தம்மாவைச் சிரிக்க வைத்தது. அவருடைய பிழைதான் மூத்தம்மாவை எழுப்பியது.

மூத்தம்மா ஊன்றுகோல் பிடித்துத்தான் நடக்கிறார். இப்போது வாசல் கேற் வரை போவார். இன்னும் நோகிறது என்பார். போன மாதம் சாச்சியின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. உம்மா இரண்டு நாட்கள் புத்தளம் போய்வந்தார். அந்த இரண்டு நாட்களும் நான் வீட்டில் இருந்தேன். இரவில் மூத்தம்மா கூப்பிட்டால் எழும்ப வேண்டும் என்று விழித்தே கிடந்தேன். அவர் கூப்பிடவில்லை. தஹஜ்ஜுத் நேரத்தில் ஊன்றுகோல் தட்டும் சத்தம் குளியலறைப் பக்கம் மெதுவாகப் போய், மெதுவாகத் திரும்பி வந்தது.